தையல்நாயகியின் கருங்கால் கோழிகள்

அரசாங்கத்தில் நான் செய்த வேலைகளில் இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு முகம் சுடுகிற வேலை ஒன்று உண்டு. ஒரு தெருவில் இருந்த இருபத்திரண்டு சேவல்களையும் ஒரே காலையில் பிடித்துக்கொண்டு போனேன். திருடவில்லை. ரசீது கொடுத்துத்தான் பிடித்தேன்.

1969, புரட்டாசி மாதம். எனக்கு இருபத்து நாலு வயது. ஊர் திருக்காட்டுப்பள்ளி, பெயர் தர்மாம்பாள். கீழ்வேளூர்ப் பக்கத்தில் ஊராட்சி ஒன்றியத்தில் கிராம சேவிகா வேலை. மாதர் சங்கம் நடத்த வேண்டும், புகையில்லா அடுப்பு போட்டுக் காட்ட வேண்டும், பிள்ளைகளுக்குப் பால் பவுடர் கரைத்துக் கொடுக்க வேண்டும். சுருக்கமாகச் சொன்னால், மேலே இருந்து எது வந்தாலும் அது நல்லது என்று வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டும். அந்த வருஷம் மேலே இருந்து வந்தது வெள்ளை லெகார்ன் என்கிற சீமைச் சேவல்.

திட்டம் இதுதான். ஒரு நாட்டுச் சேவலைக் கொடுத்தால் ஒரு லெகார்ன் சேவல் இலவசம். அதற்கும் நாட்டுப் பெட்டைக்கும் பிறக்கும் கோழிகள் நிறைய முட்டையிடும், ஏழைப் பிள்ளைகள் முட்டை தின்று தேறுவார்கள். ஒரே ஒரு நிபந்தனை. தெருவில் ஒரு நாட்டுச் சேவல்கூட மிச்சம் இருக்கக் கூடாது. இருந்தால் அது எல்லாப் பெட்டைகளையும் மிதித்துத் திட்டத்தைக் கெடுத்துவிடும்.

செம்பியநத்தம் என்ற ஊரில் விவசாயக் கூலிகளின் தெரு என் பங்குக்கு வந்தது. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் இருபத்திரண்டு குடிசை. அந்தப் பக்கம் மிராசுதார் வைத்தியலிங்கத்தின் களமும் மாட்டுக்கொட்டகையும். நடுவில் ஒரு மூங்கில் பாலம். கூலி நெல் தகராறில் இரண்டு கரைக்கும் அப்போது பேச்சுவார்த்தை இல்லை. முந்தின வருஷம் அந்த வட்டாரத்தில் நடந்ததை நான் இங்கே எழுதப் போவதில்லை. வீட்டை விட்டு எவரும் தனியாக நடக்கப் பயந்த காலம் என்று சொன்னால் போதும்.

அப்படிப்பட்ட காலத்தில் அந்தத் தெரு ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொண்டிருந்தது. எதுவானாலும் கொடிக் கம்பத்தடியில் தெருக்கூட்டம் போடுவார்கள். முடிவெடுத்துவிட்டால் இருபத்திரண்டு வீடும் ஒரே வீடு. அறுவடைக்கு இறங்குவதில்லை என்றால் ஒருவர்கூட இறங்கமாட்டார்கள். சேவல் விஷயத்தையும் நான் கூட்டத்தில்தான் வைத்தேன். முட்டைக் கணக்கைக் கேட்டதும் கை தூக்கிவிட்டார்கள். மற்ற ஊர்களில் ஒரு சேவலையாவது கூடையில் ஒளித்து வைப்பார்கள், நாங்களும் பார்க்காதது போல வந்துவிடுவோம். செம்பியநத்தத்தில் ஒளிக்கத் தெரியவில்லை. ஒற்றுமையாக இருந்தே கெட்டார்கள் என்று நான் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கை தூக்காமல் நின்றவள் தையல்நாயகி ஒருத்திதான். முப்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லி உடம்பு, கட்டைக் குரல். அவள் வீட்டுக்காரர் உத்திராபதிதான் அந்தத் தெருவின் விவசாயத் தொழிலாளர் சங்கத் தலைவர். கூட்டத்தில் பேசாதவள் கொல்லைக்கு என்னை அழைத்துப் போனாள்.

அங்கே அவளுடைய கோழிகள் எருக்குழி ஓரத்தில் கிளறிக்கொண்டிருந்தன. சிறுவிடைச் சாதி, பார்க்கப் புறா அளவுதான். ஆனால் காலும் அலகும் அடுப்புக்கரிக் கறுப்பு. உடம்பில் சாம்பல் பொரி தூவின மாதிரி இறகு. அவள் அம்மா வீட்டுச் சீதனமாக வந்த வம்சம் அது. பருந்து நிழல் தரையில் விழுந்தால் போதும், தாய்க்கோழி ஒரு சத்தம் கொடுக்கும், குஞ்சுகள் இருந்த இடம் தெரியாது. பதினைந்து முட்டை வைத்தால் குறைந்தது பதிமூன்று பொரிக்கும். அடைக்கு உட்கார்ந்த கோழியைத் தொட்டால் கையைக் கொத்திப் பிய்க்கும்.

"இந்த வெள்ளச் சேவலுக்குப் பொறக்குற பொட்ட, அடைக்கு ஒக்காருமா சேவிகாம்மா?" என்று கேட்டாள்.

"வருஷத்துக்கு நூத்தி இருபது முட்டை போடும்."

"முட்டையக் கேக்கலங்க. அடைக்கு ஒக்காருமான்னு கேட்டேன்."

என் கையில் இருந்த துண்டுப் பிரசுரத்தில் அது இல்லை. எனக்கும் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "ஒக்காரும்" என்று சொல்லிவிட்டேன்.

அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. உத்திராபதி வந்து நின்றார். "தெரு முடிவு பண்ணிடுச்சு தையலு. நம்ம வீட்ல மட்டும் ஒரு சேவல் நின்னா, நாளைக்கு ஒருத்தன் தனியா அறுப்புக்கு எறங்குனா நாம என்னா கேக்குறது?" என்றார். சேவலைத் தானே பிடித்து, காலை வாழைநாரில் கட்டி, என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்தச் சேவல்கள் எங்கே போயின என்று பிறகு பலமுறை கேட்டிருக்கிறார்கள். அலுவலகத்துக்கு மறுநாள் மேலதிகாரிகள் தணிக்கைக்கு வந்தார்கள். மத்தியானம் இருபது பேருக்குச் சாப்பாடு. நானும் உட்கார்ந்து சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது.

முதல் வருஷம் என் காட்டில் மழை. குஞ்சுகள் கிடுகிடுவென்று வளர்ந்தன, கலப்புப் பெட்டைகள் பெரிய முட்டையாக இட்டுத் தள்ளின. இரண்டாம் வருஷம் குட்டு வெளிப்பட்டது. முட்டையிடும், கொக்கரிக்கும், எழுந்து போய்விடும். பஞ்சாரத்தில் அடைத்துப் பார்த்தார்கள், வைக்கோல் மெத்தை போட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் அடைக்கு உட்காரவில்லை. லெகார்ன் சாதிக்கு அந்தப் புத்தியே எடுபட்டுப் போயிருக்கிறது, அதைக் கருவி வைத்துத்தான் பொரிக்க வேண்டும் என்று கால்நடை மருத்துவர் எனக்கு விளக்கினார். அதை முன்பே விளக்கியிருக்கலாம். குஞ்சு அனுப்புவதாகச் சொன்ன பண்ணையிலிருந்து ஒன்றும் வரவில்லை, திட்டமும் முடிந்துவிட்டது. இருந்த குஞ்சுகளும் வெள்ளையாக இருந்ததால் பருந்துக்கு விருந்தாயின.

1971 சித்திரையில் வெள்ளைக் கழிச்சல் வந்தது. கோழிகள் கழுத்தைத் திருகிக்கொண்டு விழுந்தன. நோய் ஓய்ந்தபோது இருபத்திரண்டு வீட்டுக்கும் அடைக்கு உட்காரத் தெரிந்த கோழி இரண்டே இரண்டு மிஞ்சியது. இரண்டும் தையல்நாயகியின் கருங்கால் பெட்டைகள். இரண்டுக்கும் வயதாகிவிட்டது. இன்னும் ஒன்றிரண்டு ஈடு, அதாவது ஒன்றிரண்டு அடைக்கு, முட்டையிடும், அவ்வளவுதான். அதற்குள் அதே சாதியில் ஒரு சேவல் கிடைக்காவிட்டால் வம்சம் முடிந்தது.

அந்தத் தெருவுக்குக் கோழி விளையாட்டுக் காரியமில்லை. நடவும் அறுப்பும் இல்லாத மாதங்களில், வேலை நிறுத்தம் நடக்கிற நாட்களில், பொரிக்கும் குஞ்சைச் சந்தையில் விற்றுத்தான் அரிசி வந்தது. தையல்நாயகிக்கோ அதைவிட அதிகம். வீடு மிராசுதார் மனையில் இருந்தது. குடியிருப்பு மனைக்குச் சட்டம் வந்திருந்தாலும் காகிதம் கைக்கு வரவில்லை. உலகத்தில் அவள் பெயருக்கென்று இருந்தது அந்தக் கோழிகள் மட்டும்தான்.

நான் அவள் வீட்டுக்குப் போய், "நான் அன்னைக்குத் தெரியாம சொல்லிட்டேன்" என்றேன்.

"தெரியும்" என்றாள். "நீங்க சொல்றப்பவே உங்க கண்ணு காகிதத்துல தேடிச்சு. வாங்க, சேவல் தேடுவம்."

திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்த ஆறு மாதத்தில் நானும் அவளும் சுற்றாத சந்தை இல்லை. சேவலைத் தூக்குவாள், காலைத் திருப்பிப் பார்ப்பாள், "மஞ்சக்காலு" என்று கீழே விடுவாள். என் திட்டம், லெகார்னின் மஞ்சள் காலோடு, எனக்கு முன்னாலேயே எல்லா ஊருக்கும் போயிருந்தது. கறுப்புக் கால் கிடைத்தால் அது சண்டைக்கு விடும் பெரிய சாதியாக இருக்கும். "இது மிதிச்சா எம் பொட்ட செத்துரும்" என்பாள். பஸ்ஸில் திரும்பும்போது என் மடியில் வெறும் கூடை இருக்கும்.

ஒரு நாள் காலை பத்து மணி வாக்கில் வெறும் கையோடு வரப்பில் வந்துகொண்டிருந்தோம். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மிராசுதார் களத்தில் ஒரு சேவல் கூவியது. கட்டைக் கூவல், பாதியில் அறுந்தது போல நின்றது. தையல்நாயகி நடையை நிறுத்தினாள்.

"அது எங்கூட்டுச் சேவல்" என்றாள்.

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அந்தக் களத்தைக் காவல் காக்கும் ராசுவின் மனைவி தங்கமணி, ஒரு காலத்தில் தையல்நாயகியோடு ஒரே நடவுக் கூட்டத்தில் வேலை செய்தவள். தங்கமணி கல்யாணமாகி வந்த புதிதில், ஆறு வருஷத்துக்கு முன், தையல்நாயகி அவளுக்கு ஒரு கருங்கால் பெட்டையை வாரத்துக்கு விட்டிருந்தாள். வாரத்துக்கு விடுவது என்றால், கோழி கொடுத்தவருடையது, தீனியும் பாடும் வளர்ப்பவருடையது, பொரிக்கும் குஞ்சில் பாதிப் பாதி. இரண்டு ஈடு பங்கு வாங்கினாள். அப்புறம் கூலிச் சண்டை வந்தது. ராசு மிராசுதார் பக்கம் நின்றான். பெண்கள் இருவரும் வாய்க்காலில் எதிர்ப்பட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பங்கு கேட்க இவள் போகவில்லை, கொடுக்க அவள் வரவில்லை. அங்கே இருந்ததும் கழிச்சலில் போயிருக்கும் என்றே இவள் நினைத்திருந்தாள்.

என் திட்டம் அந்தக் களத்துக்குள் போகாததற்கும் ஒரு காரணம் உண்டு. குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்யச் சட்டம் வந்ததிலிருந்து, நோட்டுப் புத்தகத்தோடு எந்த அரசாங்க ஆள் வந்தாலும் மிராசுதாருக்குப் பயம். சேவல் மாற்ற வந்தேன் என்று சொன்ன என்னைக்கூட வாசலிலேயே திருப்பி அனுப்பினார். அவருடைய பயத்தில்தான் அந்தச் சேவல் பிழைத்தது.

தையல்நாயகி தங்கமணியிடம் ஆள் விட்டுச் சேவலைக் கேட்டாள். பதில் மிராசுதாரின் காரியக்காரரிடமிருந்து வந்தது. தை அறுவடை நெருங்கிக்கொண்டிருந்தது, கூலி முடிவாகாமல் தெரு இறங்க மறுத்திருந்தது. "ஒரே ஒரு நாள் அறுப்புக்கு எறங்கச் சொல்லு. சேவலோட ரெண்டு பொட்டையும் சேத்து வாங்கிக்கச் சொல்லு." சங்கத் தலைவரின் பெண்டாட்டி அரிவாளோடு வயலில் இறங்கினால் மற்றவர்களும் இறங்குவார்கள் என்பது கணக்கு.

அன்று அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. உத்திராபதி கயிறு திரித்துக்கொண்டிருந்தார். அவர்தானே அன்று சேவலைக் கொடுக்கச் சொன்னவர். கடைசியில், "நீ என்னா சொல்ற தையலு?" என்று மட்டும் கேட்டார்.

"கோழி எனக்குப் பெரிசுதான். அதுக்காக இந்தத் தெருவ விக்க முடியாது" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். கிழட்டுப் பெட்டைகளில் ஒன்று அந்த வாரம்தான் மறுபடியும் முட்டையிட ஆரம்பித்திருந்தது. சேவல் இல்லாமல் அது வெறும் முட்டையாகப் போய்க்கொண்டிருந்தது.

பொங்கல் கழிந்து நாலாம் நாள் தாசில்தார் களத்திலேயே பேச்சுவார்த்தை வைத்தார். ஒன்றிய அலுவலர்கள் எல்லோரும் வரவேண்டும் என்று உத்தரவு, அதனால் நானும் போனேன். ஒரு பக்கம் நாற்காலிகள், ஒரு பக்கம் தரையில் தெரு. கூலி பற்றிப் பேச்சு இழுத்துக்கொண்டே போனது. நடுவில் குத்தகைக்காரர் ஒருவரின் பழைய வாரம், அதாவது நிலத்துக்குக் கொடுக்க வேண்டிய விளைச்சல் பங்கு, பற்றிப் பேச்சு வந்தது. வெள்ளத்தில் பயிர் போன வருஷங்களுக்கு மிராசுதார் வாரம் கேட்கவே இல்லை, இப்போது கேட்கிறார் என்று அவர் முறையிட்டார்.

மிராசுதார் சிரித்தார். "கேக்காம இருந்தா வாரம் இல்லன்னு ஆயிடுமா? குடுத்த பொருள் என்னோடது. பத்து வருசம் கழிச்சுக் கேட்டாலும் பங்கு பங்குதான். நீங்களே சொல்லுங்க தாசில்தார்."

பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்தில் தையல்நாயகி எழுந்து நின்றாள். அவள் கூட்டத்தில் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை. அந்தத் தெருவில் ஒரு காலத்தில் மிராசுதாரை 'ஆண்டே' என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் அப்படிக் கூப்பிடவில்லை.

"ஐயா சொன்னது நாயந்தான். எனக்கும் இந்தக் களத்துல ஒரு வாரம் நிக்குது. ஆறு வருசத்துக்கு முன்ன தங்கமணிகிட்ட ஒரு பொட்டக்கோழி வாரத்துக்கு விட்டேன். நாலு வருசமா நான் கேக்கல. இப்பக் கேக்குறேன்."

முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் ஒரே சிரிப்பு. தாசில்தார் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். காரியக்காரர், "இதென்ன, நெலமும் கோழியும் ஒண்ணா?" என்று எழுந்தார்.

"நெலத்துக்கு ஒரு வாரம், கோழிக்கு ஒரு வாரம்னு தனித்தனியா வச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள் அவள். அப்போது சிரிப்பு நின்றது.

மிராசுதார் கெட்டிக்காரர். இல்லை என்றால் சற்று முன் தான் சொன்னதையே தான் விழுங்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கொட்டகைப் பக்கம் திரும்பி, "தங்கமணி, இவ சொல்றது உண்மையா?" என்றார்.

தங்கமணி தூணுக்குப் பின்னால் நின்றிருந்தாள். புருஷனின் பிழைப்பு அவள் நாக்கில் இருந்தது. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் விஷயம் முடிந்துபோகும். ராசு அவளை முறைத்துக்கொண்டிருந்தான்.

"உண்மதாங்க" என்றாள் அவள். "அக்கா குடுத்த கோழி வழிதான் இங்க நிக்கிறது அம்புட்டும்."

"அப்ப எடுத்துக் குடு" என்றார் மிராசுதார், எரிச்சலோடு.

களத்தில் அந்த வம்சத்தில் எட்டு உருப்படி இருந்தன. தையல்நாயகி சேவல் ஒன்றையும் இளம் பெட்டை மூன்றையும் பொறுக்கினாள். அதற்கு மேல் ஒன்றையும் தொடவில்லை. மிச்சம் நாலையும் அவள் கையாலேயே கொட்டகைப் பக்கம் விரட்டிவிட்டாள். சேவலை வாங்கும்போது அதன் காலைத் திருப்பிப் பார்த்தாள். அடுப்புக்கரிக் கறுப்பு.

கூலி அன்றைக்கு முடிவாகவில்லை. இன்னும் ஏழெட்டு நாள் இழுத்து, கேட்டதில் முக்கால் கிடைத்தது. தெரு மொத்தமாக அறுப்புக்கு இறங்கியது.

மாசியில் கிழட்டுப் பெட்டை அடைக்கு உட்கார்ந்தது. மணல் பரப்பிய கூடையில் பதிமூன்று முட்டை, ஓரத்தில் இடிக்குப் பயந்து ஒரு இரும்புத் துண்டும் கரித்துண்டும். என் அலுவலகப் பிரசுரம் எதிலும் இல்லாத இந்த ஏற்பாட்டை நான் இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டு பார்த்தேன். இருபத்தொன்றாம் நாள் போனபோது பதினோரு குஞ்சு. எல்லாவற்றுக்கும் கறுப்புக் கால். என் ஆள்காட்டி விரலில் தாய்க்கோழி கொத்திய தழும்பு இன்னும் இருக்கிறது.

பங்குனிக் கடைசியில் குஞ்சுகள் தேறிவிட்டன. இளம் பெட்டைகளும் முட்டையிடத் தொடங்கிவிட்டன. இரண்டு வீட்டுக்கு ஒரு குஞ்சு என்று தெருவுக்குள் பங்கு வைத்துவிடலாம் என்று உத்திராபதி கூட்டத்தில் சொன்னார். எல்லோரும் கை தூக்கப் போனார்கள்.

"இதுக்குக் கை தூக்க வேணாம்" என்றாள் தையல்நாயகி. "ஒரே தெருவுல வச்சா ஒரு கழிச்சலுக்குத் தாங்காது. ஒரே மாதிரி செஞ்சுதான் ஒரு தடவ மொத்தமாத் தொலச்சோம். அஞ்சு இங்க இருக்கட்டும். பக்கத்துல தேவூருக்கு ரெண்டு, எங்க அம்மா ஊருக்கு ரெண்டு. ரெண்டு தங்கமணிக்கு."

கடைசிப் பெயரைக் கேட்டதும் கூட்டம் சலசலத்தது. "களத்து ஆளுக்கா?" என்று ஒருவர் கேட்டார். "நாளைக்கு அவ புருசன் வெளியூர் ஆள எறக்குவான். அவங்கூட்டுக்கு நாம கோழி குடுக்குறதா?"

"அவன் எறக்குனா நானும் உங்ககூடத்தான் மறிப்பேன்" என்றாள் அவள். "சண்ட கூலிக்கு. கோழிக்கு இல்ல."

உத்திராபதி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "கோழி அவளோடது. கூட்டம் முடிஞ்சுது" என்றார். அன்றைக்குத்தான் அந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை வந்தது.

மறுநாள் காலை குஞ்சுகளை எடுத்துக்கொண்டு போனவளோடு நானும் பாலத்துக்குப் போனேன். தெருவே வாய்க்கால் கரையில் நின்று பார்த்தது. அந்தப் பக்கம் தங்கமணி சாணிக்கூடையோடு நின்றாள், வருவதா வேண்டாமா என்று தெரியாமல். தையல்நாயகி நடுப்பாலம் வரை போய்க் காத்திருந்தாள். நான் பின்னால் ஒரு மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் தங்கமணி கூடையை இறக்கிவிட்டு வந்தாள்.

"வாரத்துக்கா அக்கா?" என்று கேட்டாள். நாலு வருஷத்துக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு.

"வாரம் கெடயாது. இது ஒனக்கு. அன்னைக்கு நீ இல்லன்னு சொல்லியிருந்தா எங்கிட்ட ஒண்ணும் இருந்திருக்காது."

தங்கமணி குஞ்சுகளை வாங்கி முந்தானைக்குள் அணைத்துக்கொண்டாள். ராசு கொட்டகை வாசலில் நின்று பார்ப்பதை அவள் பார்த்தாள். திரும்பிப் போகவில்லை. எத்தனை நாள் குஞ்சு, என்ன தீனி என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். குருணையை ஊறவைத்துப் போடலாமா என்று கேட்டாள். இவள் பதில் சொன்னாள். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது, துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

கிளம்பும்போது தங்கமணி குரலைத் தாழ்த்திக்கொள்ளாமல், இரண்டு கரைக்கும் கேட்கிற மாதிரியே சொன்னாள்.

"ஒங்க தெருவுல சீக்கு வந்தா வாக்கா. எங்கிட்ட இருக்கும்."